நோட்டரி முன் தோன்றாத தம்பதி

வக்கீல் தொழிலில் நான் செய்த தப்புகளைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று ஜூனியர்கள் நீங்கள் கேட்டீர்கள். ஜெயித்த வழக்குகளைக் கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன். தப்புகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பெரும்பாலானவை இன்று நினைத்தாலும் காது சூடாகிறவை. ஒன்றே ஒன்று மட்டும் நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு மூட்டும். அதைச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளை நீங்களே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜாம் காலத்துச் செகந்திராபாத் அது. ஏரிக்கரையைத் தாண்டி ஹைதராபாத்துக்குள் போனால் நிஜாம் சர்க்கார், அவர்களுடைய ஸ்டாம்பு, உருதுவில் வாதம். இந்தப் பக்கம் கண்டோன்மெண்ட், இங்கிலீஷ் கோர்ட். நான் என் சீனியரிடம் சேர்ந்து மூன்றாவது வருஷம். கறுப்புக் கோட்டு புதிது. நான் இல்லாவிட்டால் ஆபீஸ் நடக்காது என்ற எண்ணமும் புதிது.

ஞானமுத்துவும் ரோஸம்மாளும் எங்களிடம் வந்தது ஒரு கோடைகாலத்தில். ஞானமுத்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அப்பா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே ரயில்வே காலனியில். பேச்சில் ஆமாமுக்கு ‘ஹவ்’வும் வேண்டாமுக்கு ‘நக்கோ’வும் தாராளமாக விழும். ரோஸம்மாள் பாளையங்கோட்டைப் பெண். மருத்துவச்சி வேலைக்குப் படித்தவர். கல்யாணத்துக்கு முன் “வேலைக்குப் போகலாம்” என்று சொன்ன ஞானமுத்து, கல்யாணத்துக்குப் பின் “போக வேண்டாம்” என்றார். அடி, உதை, குடி எதுவும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருஷம் ஓயாத சண்டை. ஐந்து வயதில் கிரேஸ் என்று ஒரு பெண் குழந்தை. கடைசியில் இரண்டு பேரும் களைத்துப்போய், தனித்தனியாக இருந்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, ஒரே ஜட்காவில் சேர்ந்து வந்து இறங்கினார்கள். பிரிவதற்கு அவ்வளவு ஒற்றுமையாக வந்தவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சீனியர் உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பிரிந்து வாழ்வதற்கான பத்திரம் எழுதினார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீஸில் வைத்தே இருவரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுடைய வேதக்கோயில் உபதேசியாரும் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையும் சாட்சி. சட்டப்படி அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் ரோஸம்மாளுக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரி மேட்ரன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: புருஷன் சம்மதத்தோடுதான் தனியாக இருக்கிறாள் என்பதற்கு நோட்டரி முத்திரை போட்ட காகிதம் வேண்டும், திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் காட்டினால்தான் குவார்ட்டர்ஸ்.

“திங்கட்கிழமை ரெண்டு பேரையும் நோட்டரிகிட்ட கூட்டிக்கொண்டு போய்விட்டு வா” என்று என்னிடம் சொல்லிவிட்டு சீனியர் ஊருக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஞானமுத்துவைத் தேடி ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போனால், காஜிப்பேட்டைக்கு அருகே கூட்ஸ் வண்டி தடம் புரண்டு, அவரை பிரேக்டவுன் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ரோஸம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் ட்யூட்டி. நான் யோசித்தேன். கையெழுத்துகள் உண்மை. போட்டதை நானே கண்ணால் பார்த்தேன். ஒரு முத்திரைக்காக அந்த அம்மாளுக்கு வீடு போக வேண்டுமா? பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மட்டும் லோத்குண்டா பக்கம் போனேன். அங்கேதான் நோட்டரி இருந்தார். ரிடையரான வக்கீல், தங்கமான மனிதர். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா பார்ட்டிங்க?” என்றார்.

“வெயில் சார்” என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ‘மேற்படி இருவரும் இன்று என் முன் நேரில் தோன்றி, இது தங்கள் கையெழுத்தே என்று ஒப்புக்கொண்டார்கள்’ என்று அழகான இங்கிலீஷில் எழுதி, தேதி போட்டு, சிவப்பு மெழுகை உருக்கி முத்திரையை அழுத்தினார். வெகு கம்பீரமாக இருந்தது. நாலு மணிக்கு மேட்ரன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐந்து மணிக்கு ரோஸம்மாள் கையில் குவார்ட்டர்ஸ் சாவி. பெரிய தர்மம் செய்துவிட்டதாக நினைத்து அன்று ஹோட்டலில் இரண்டு ஜாங்கிரி வாங்கித் தின்றேன்.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரோஸம்மாள் குவார்ட்டர்ஸில், கிரேஸ் வாரநாளில் அம்மாவோடு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு. அப்போதுதான் அரக்கோணத்திலிருந்து ஞானமுத்துவின் அண்ணன் வந்து இறங்கினார். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘உங்க தம்பி பொண்டாட்டி ஏன் தனியா இருக்கா?’ என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்களாம். அண்ணன் ஒரு வக்கீலைப் பிடித்தார். மனைவி காரணமில்லாமல் விட்டுப்போனாள், திரும்பி வந்து சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று ஞானமுத்து பெயரில் மனு தாக்கலானது.

அந்த மனு ஜெயித்தால் ரோஸம்மாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் எங்களிடம்தான் வந்தார். ‘காரணமில்லாமல் போகவில்லை, இருவரும் பேசித்தான் பிரிந்தோம்’ என்பதற்கு எங்களிடம் இருந்தது அந்த நாலு பக்கப் பத்திரம்.

முதல் வாய்தாவில் நான்தான் ஆஜரானேன். சீனியர் ஓர் அப்பீலுக்காக மதராஸ் போயிருந்தார். பதில் மனுவோடு முன்பே நகல் கொடுத்திருந்த பத்திரத்தை நீட்டி, முத்திரையை ஜட்ஜுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஞானமுத்துவைக் கூண்டில் ஏற்றினார். கேட்டது ஒரே கேள்வி.

“இந்தத் தேதியில் நீர் நோட்டரி முன்னால் போனீரா?”

“இல்ல சார். அன்னிக்கு நான் காஜிப்பேட்டைல இருந்தேன். வண்டி கவுந்துபோச்சு.”

ஒர்க்‌ஷாப் வருகைப் பதிவேடும் வந்தது. அதில் அந்தத் திங்கட்கிழமைக்கு நேராகக் காஜிப்பேட்டை என்றே எழுதியிருந்தது. “நோட்டரி சான்று பொய். ஆகவே பத்திரமே ஜோடனை” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அவர் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தேன். அவகாசம் கேட்டேன். ஜட்ஜ் ஒரு வாரம் கொடுத்தார்.

நேராக லோத்குண்டாவுக்கு ஓடினேன். நோட்டரிக்கு முகம் வெளுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்:

“ஒண்ணும் கவலைப்படாதே. திங்கட்கிழமைன்னு போட்டது கைத்தவறு, மொத நாள் ஞாயித்துக்கிழமையே வந்துட்டாங்கன்னு நான் வந்து சொல்லிடறேன். அந்தம்மாவும் ஆமான்னு சொல்லட்டும். தேதிப் பிசகுதானே, எந்த ஜட்ஜும் ஒத்துப்பான்.”

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உயிர் வந்தது. அருமையான யோசனையாகப் பட்டது. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடுகிறோம் என்றே தோன்றவில்லை. ‘தேதியைத் திருத்துகிறோம்’ என்றுதான் தோன்றியது. நெருக்கடியில் மனசு தனக்குத் தானே வக்கீலாகிவிடும். அதனிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அதே உற்சாகத்தோடு ரோஸம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு வராந்தாவில், கையில் ஒரு துணிமூட்டையோடு வந்தார். மூட்டைக்குள் ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். திங்கட்கிழமை நான் தனியாகப் போனதை அப்போதுதான் முதன்முதலாக அவரிடம் சொல்கிறேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமையா? வக்கீல் சார், அன்னைக்குக் கோயில்ல ஸ்தோத்திரப் பண்டிகை. அவிய காலையில இருந்து பொழுதடையும் மட்டும் பந்தல்ல நின்னு எல்லாருக்கும் சோறு விளம்புனாவ. முந்நூறு பேரு பாத்துருக்காவ. முந்நூறு பேரையும் கோர்ட்டுக்குக் கூட்டியாந்துருவாவளே!”

“அப்படியானால் பத்திரம் போச்சு அம்மா. என்னால்தான் போச்சு” என்றேன்.

“எப்பிடிப் போவும்?” அவர் குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “இந்தப் பிள்ளை நேத்துப் பொறந்துச்சு. கிளார்க்கு ரிஜிஸ்டர்ல ஆம்பளப் பிள்ளைன்னு எழுதிட்டாரு. பொம்பளப் பிள்ள. அவரு எழுதுனதுக்காவ இது பொறக்கலன்னு ஆயிருமா? நான் போயி, தப்பா எழுதுனத அடிச்சிட்டுச் சரியா எழுதச் சொன்னேன். அவ்வளவுதான். நீங்களும் போயி அடிச்சிட்டு எழுதுங்க. நாங்க கையெழுத்துப் போட்டது நெசந்தான? உபதேசியார் பாத்தாவல்லா?”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. இத்தனை வருஷம் சட்டப் புத்தகம் புரட்டியும் எனக்குப் புரியாத விஷயம், அந்த வராந்தாவில் அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பத்திரம் வேறு, அதன் அடியில் ஒட்டிய சான்று வேறு. பத்திரம் வெள்ளிக்கிழமை உயிரோடு பிறந்துவிட்டது. திங்கட்கிழமை எழுதியதுதான் பொய். நான் முத்திரையைக் காப்பாற்றப் பார்த்துப் பத்திரத்தைப் பலி கொடுக்க இருந்தேன்.

அந்த வார இறுதியில் சீனியர் மதராஸிலிருந்து திரும்பினார். ஸ்டேஷனுக்கே போய், அவர் பெட்டியைக்கூட இறக்க விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஜட்ஜுகிட்ட இதைச் சொல்வியா?”

“சொல்கிறேன் சார்.”

“சாட்சி சொல்ற வக்கீல் அதே கேஸில வாதாடக் கூடாது. வக்காலத்தை விட்டுட்டுக் கூண்டில ஏறு. பாக்கியை நான் பார்த்துக்கறேன்.” இரண்டடி நடந்தவர் திரும்பிச் சேர்த்துக்கொண்டார்: “நோட்டரியையும் கையோட கூட்டிக்கிட்டு வா. இந்தத் தடவையாவது எல்லாரும் நேரில தோன்றட்டும்.”

நோட்டரியைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. அவர் பயந்தது நியாயம். நாற்பது வருஷத்துப் பெயர். ‘நீங்கள் வராவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன் சார், வந்தால் தப்பு பாதியாகும்’ என்றேன். கடைசியில், தலைப்பாகையை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

வாய்தா அன்று கோர்ட் நிறைந்திருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் பாதி, நர்ஸுகள் பாதி. சீனியர் எழுந்து, குறுக்கு விசாரணைக்கு முன் கோர்ட்டுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். ஜட்ஜ் அனுமதித்தார். நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினேன். வக்கீலாக எத்தனையோ பேரை நிற்க வைத்த இடம். அங்கிருந்து பார்த்தால் கோர்ட் வேறு மாதிரி இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் தெரிகிறது.

“இந்தச் சான்று உண்மையா?” என்று சீனியர் கேட்டார்.

“பொய். இரண்டு பேரும் நோட்டரி முன் போகவில்லை. நான் தனியாகப் போய் வாங்கினேன். தப்பு என்னுடையது.”

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, “சட்டம் படித்தவர் செய்கிற காரியமா இது?” என்றார். “இல்லை” என்றேன். நோட்டரியும் எழுந்து நின்று, “நானும் பார்க்காமல் எழுதிவிட்டேன், பிரபு” என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “ஒப்புக்கொண்டார்கள்! பத்திரம் விழுந்துவிட்டது!”

“இந்த மாதிரிப் பத்திரத்துக்கு நோட்டரி சான்று வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?” என்று சீனியர் மெதுவாகக் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். ஜட்ஜ் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “கிடைக்காது, உட்காருங்கள்” என்றார். “சான்றை அடித்துவிடுகிறேன். இப்போது பத்திரம் உண்மையா என்று பார்ப்போம்.”

ஞானமுத்து மறுபடி கூண்டுக்கு வந்தார். முதல் வரிசையில் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு தம்பியை முறைத்துக்கொண்டிருந்தார்.

சீனியர் முதலில் மனுவை நீட்டினார். “இதில் இருக்கிறது உம் கையெழுத்தா?”

“ஹவ் சார்.”

“படித்துப் பார்த்தீரா?”

ஞானமுத்து அண்ணனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “இல்ல சார். அண்ணன் போடச் சொன்னாரு, போட்டேன்.”

அடுத்து பத்திரம். “இது?”

“இதுவும் என்னோடதுதான்.”

“படித்தீரா?”

“மூணு தடவ படிச்சேன் சார். ஒம்போதாவது ஷரத்து நான் சொல்லித்தான் எழுதினது.”

ஜட்ஜ் மதராஸ் மாகாணத்தில் சில வருஷம் இருந்தவர். தமிழ் புரியும். பத்திரத்தைத் திருப்பி ஒன்பதாவது ஷரத்தைப் படித்தார். புருவம் உயர்ந்தது. உரக்கவே வாசித்தார்: ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னதாக, மேற்படி ரோஸம்மாள் மேற்படி ஞானமுத்துவுக்கு ஒரு டின் நிறைய அச்சுமுறுக்கு சுட்டு அனுப்ப வேண்டியது.

பின்வரிசையில் ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அனுப்பினாளா?” என்று ஜட்ஜே கேட்டார்.

“ரெண்டு வருசமும் வந்துச்சு துரை. தவறாம வந்துச்சு.” ஞானமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. “அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது. போன டிசம்பர்ல வந்த டின்ல பாதிய, பண்டிகைக்கு வந்திருந்த அண்ணன்தான் தின்னாரு. இன்னும் இருக்கான்னு கேட்டாரு.”

கோர்ட் வெடித்துச் சிரித்தது. டவாலி சேவகன் ‘சைலன்ஸ்’ என்று கத்தப்போய் அவனும் சிரித்துவிட்டான். அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்து மீசையைத் தடவினார். ஜட்ஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கிக் கேட்டார்: “ஞானமுத்து, உம் மனசறிந்து சொல்லும். இந்த மனு உமக்கு வேண்டுமா?”

ஞானமுத்து ரோஸம்மாளைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆஸ்பத்திரியில் அத்தனை தைரியமாக என்னிடம் பேசியவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று.

“வேணாம் துரை” என்றார் ஞானமுத்து. “அவ வேலைய விட்டுட்டு வந்தா என்னோட சண்டதான் போடுவா. இப்ப நல்லாப் பேசுறா. பாப்பாவும் நல்லா இருக்கு. அண்ணன் பேச்சைத் தட்ட முடியல, அதான்.”

மனு தள்ளுபடி ஆனது. எனக்குக் கிடைத்த தண்டனை நூதனமானது. அதன் பிறகு அந்த ஜட்ஜ் மாற்றலாகிப் போகும்வரை, நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நேரில் தோன்றினார்களா?” என்று கேட்பார். கோர்ட் சிரிக்கும். நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: நான் “ஆம்” என்று சொன்னால் அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று கூண்டில் நின்று சொன்ன அந்த ‘பொய்’ என்ற ஒரு வார்த்தை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கை அது. நோட்டரிக்கு எச்சரிக்கை வந்தது. அவரோ அதற்குப் பின், தம்மிடம் வருகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து, பெயர் சொல்லச் சொல்லி, முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துத்தான் மெழுகை உருக்குவார். இரட்டையர் இருவர் வந்தபோது யார் எவர் என்று தீரும்வரை அரைநாள் உட்கார வைத்துவிட்டார் என்று கேள்வி.

இதிலிருந்து என்ன கற்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். குறை உள்ள காகிதம் கையில் வந்தால், குறை எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள். சான்றில் குறையா, சம்மதத்தில் குறையா? சம்மதத்தில் குறை இருந்தால் பத்து முத்திரை குத்தினாலும் நிற்காது. சான்றில் குறை என்றால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்; எதிராளி சொன்னால் அது ஜோடனை ஆகிவிடும். அந்தக் குறையை வைத்தது நீங்களே என்றால், இன்னும் சீக்கிரம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் உங்கள் சாமர்த்தியம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் கிரேஸுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. அப்பா பெயரும் அம்மா பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அவர்கள் அப்போதும் தனித்தனி வீட்டில்தான் இருந்தார்கள். கோயிலுக்குப் போனபோது மாப்பிள்ளை வந்து நிற்கிறார், பாதிரியார் நிற்கிறார், பெண் வாசலில் நிற்கிறாள், அம்மாவைக் காணவில்லை. விடிகாலையில் ஒரு அவசரப் பிரசவத்துக்குப் போனவர் வரவில்லையாம். நேரமாகிறது என்று பாதிரியார் சொல்லி அனுப்பினார். அண்ணன்கூட, “ஆரம்பிச்சிடலாம்டா, அவ வந்து சேந்துக்குவா” என்றார். ஞானமுத்து வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

“நக்கோ! அவ வேலைக்குப் போயிருக்கா. வருவா. வந்தப்பறம்தான் எல்லாம்.”

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஜட்கா தடதடவென்று வந்து நின்றது. வெள்ளைச் சீருடையோடு, கலைந்த தலையோடு ரோஸம்மாள் குதித்து இறங்கினார். பட்டுப்புடவை மடித்தபடி கையில் இருந்தது. ஞானமுத்து ஓடிப்போய் என்னவோ கேட்டார். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார். ஞானமுத்து கோயில் பக்கம் திரும்பி, ஒர்க்‌ஷாப் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய அந்தக் குரலில் கூவினார்:

“ரெட்டப் பிள்ளையாம்! தாயும் சொகம், ரெண்டும் சொகம்!”

கோயில் முழுக்கக் கை தட்டியது. மணப்பெண்தான் முதலில் தட்டினாள்.